பாங்குக்கு முன்னால் எடுத்த படம்

"உங்கப்பா எந்தப் பக்கம் பாத்து நிப்பாரு?"

எனக்குப் பத்து வயது இருக்கும்போது சலிமுன் லிக்கின் மனைவி கேட்ட கேள்வி இது. லிக் என்றால் எங்கள் பேச்சில் சித்தப்பா; ஊர்ப் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர்கள் மகளின் பிறந்தநாள். நான் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தேன். அவள் நூடுல்ஸை அள்ளிப் போட்டு, மேலே ஒரு கோழிக்காலை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பொழுது சாயற பக்கம்" என்றேன்.

"அடடா" என்றாள். கரண்டி திரும்பி வந்தது. கோழிக்காலை எடுத்துக்கொண்டு கழுத்துத் துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனது. நான் அதற்கும் நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

சுரினாமில் எங்கள் ஜாவாக்காரர்களிடம் இந்த ஒரு கேள்வி போதும். யார் வீட்டு விருந்துக்கு யார் போவார், யார் பெண்ணை யார் எடுப்பார் எல்லாம் அதில் அடங்கிவிடும். கரும்புத் தோட்டத்துக் கூலிகளாகக் கப்பலில் வந்த எங்கள் ஆட்கள், துணிமூட்டையோடு திசையையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜாவாவிலிருந்து பார்த்தால் மக்கா மேற்கே. இங்கிருந்து பார்த்தால் கிழக்கே. வந்து இறங்கியவர்களிடம் வரைபடம் இல்லை. மேற்கே பார்த்துப் பள்ளிவாசலைக் கட்டினார்கள், மேற்கே பார்த்துத் தொழுதார்கள். பிறகு வரைபடம் பார்த்தவர்கள் கிழக்கே திரும்பிக்கொண்டார்கள். பார்த்த பிறகும் திரும்பாதவர்கள் நாங்கள்.

என் அப்பா துகிமின் அந்தப் பழைய பள்ளிவாசலின் பொறுப்பாளர். பாங்கு சொல்வதும் அவர்தான், பெருக்குவதும் அவர்தான். கேட்டால் ஒரே பதில்தான் சொல்வார். "மக்கா எங்க இருக்குன்னு எனக்குந்தான் தெரியும். எங்கப்பன் முதுகுக்குப் பின்னால நின்னு தொழுது பழகினவன் நான். இப்பத் திரும்பினா அவருக்கு முதுகக் காட்டற மாதிரி இல்ல?"

பலகைச் சுவர், தகரக் கூரை, பச்சைச் சாயம். இமாம் நிற்கும் மாடத்தின் மேற்குச் சுவரில் இரட்டைக் கதவு வைத்த சன்னல் ஒன்று உண்டு. காற்றுக்காக வைத்தது. எங்கள் ஊரில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய அந்தச் சன்னலுக்கு நேராகத்தான் இறங்கும். ஒரு காலத்தில் கிழக்குப் பக்கத்துப் பையன்கள் வாய்க்காலுக்குள் ஒளிந்துகொண்டு, "சூரியனுக்கு ஒரு கும்பிடு!" என்று கத்திவிட்டு ஓடுவார்களாம். அன்றிலிருந்து ஒரு வழக்கம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பொழுது சாய்வதற்குள் சன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட வேண்டும். இரவுத் தொழுகைக்குப் பிறகுதான் திறக்க வேண்டும். சூரியன் முழுக்க மறைந்த பிறகுதான் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு. அது இறங்கிக்கொண்டிருக்கும்போது யாரும் குனியக் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் கிழக்குக்கும் மேற்குக்கும் சண்டையே கிடையாது. இருந்தாலும் ஒருவர் வாய்க்கும் இடம் கொடுக்க வேண்டாம் என்றுதான் சன்னலைச் சாத்துவது.

சாத்துவது முதலில் என் அண்ணன் ஸ்டென்லியின் வேலையாக இருந்தது. இதைக் கவனமாகச் சொல்கிறேன். அவன் ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரன் இல்லை. மழைக்காலத்தில் அந்தத் தாழ்ப்பாள் ஊதிக்கொள்ளும், உள்ளங்கையின் அடியால் இரண்டு தட்டு தட்ட வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே அவன்தான். அவன் ஹாலந்துக்குப் போன பிறகு அது என் வேலையானது. நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அம்மாவோடு மரவள்ளி பொரித்து விற்றுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ச் சாத்திவிட்டு வருவேன்.

போன வருஷம் அவன் நான்கு வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தான். அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. வரும்போது கேமராவோடு வந்தான். வாத்து, வாய்க்கால், எண்ணெய்ச் சட்டிக்குமேல் அம்மாவின் கை என்று எல்லாவற்றையும் எடுத்தான். என்னையும் எடுக்க வந்தான். நான் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ஆமா, பெரிய அழகி" என்றான். "தட்டுதான் நல்லா விழுந்திருக்கு."

அன்று சாயங்காலம் நான் சன்னலைச் சாத்தப் போனபோது அவன் பள்ளிவாசலுக்குள் வாசல் பக்கமாகக் கேமராவை முக்காலியில் நிறுத்திக்கொண்டிருந்தான்.

"வார்த்தினி, சாத்தாத. திறந்தே வை."

"நேரமாச்சு மாஸ்" என்றேன். எங்கள் பேச்சில் மாஸ் என்றால் அண்ணன்.

"எனக்கு நேரம் சொல்லித் தர்றியா? நான் சாத்தாத சன்னலா? அஞ்சே நிமிஷம். வெளிச்சத்தப் பாரு, அப்படியே மஞ்சளக் கரைச்சு ஊத்தின மாதிரி."

"மாட்டேன்" என்று சொல்லித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அப்போது அப்பா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு ஈரக் காலோடு உள்ளே வந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "விடும்மா. பிள்ளை ஆசையாக் கேக்கறான்" என்று சொல்லி, தன் கையாலேயே தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தார். தென்னந்தோப்புக்குமேல் இரண்டு விரல் உயரத்தில் சூரியன் நின்றது.

"அங்க போய் நில்லுங்கப்பா. கையக் கட்டிக்குங்க."

"இன்னும் பாங்கே சொல்லலியேடா."

"தொழ வேண்டாம். சும்மா நில்லுங்க."

நின்றார். கேமரா நாலைந்து தரம் சொடுக்கியது.

"இப்பக் கொஞ்சம் குனியுங்க."

அப்பா நிமிர்ந்தபடியே திரும்பிப் பார்த்தார். "சூரியன் இருக்கு. இப்பக் குனியக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

"தொழணும்னு மனசுல நிய்யத் இல்லாமக் குனிஞ்சா அது தொழுகையாப்பா? செருப்பு மாட்டறதுக்குக் குனியறதில்ல? அது மாதிரிதான்."

அப்பா சிரித்துவிட்டார். நான்கு வருஷமாகப் பார்க்காத மகன். அவன் செருப்பு என்றதும், பள்ளிவாசலுக்குள்ளே செருப்புப் பேச்சு எதற்கு என்று ஒரு பொய் அதட்டல் போட்டுவிட்டுக் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம். முதுகு நேரா. அப்படியே இருங்க, அப்படியே."

சூரியன் தோப்புக்குள் இறங்கும்வரை அவரை அப்படியே நிறுத்தி வைத்திருந்தான். பிறகு நான் சன்னலைச் சாத்தினேன். அப்பா மறுபடியும் போய் ஒளு செய்துவிட்டு வந்து பாங்கு சொன்னார்.

அவன் ஹாலந்துக்குத் திரும்பி, இங்கே மழைக்காலமும் முடிந்த பிறகு அந்தப் படம் ஊருக்கு வந்தது. ஒரே நாளில் எல்லார் போனிலும் வந்துவிட்டது. அங்கே ஏதோ ஒரு கண்காட்சியில் முதல் பரிசாம். படத்துக்குமேல் தலைப்பு: 'அந்திச் சூரியனைத் தொழுகிறவர்கள்.' கீழே அவன் சொன்னதாக இரண்டு வரி. என் தந்தையின் அன்றாடத் தொழுகை இது, நான் வாசலில் நின்று பார்த்ததை அப்படியே எடுத்தேன், எதையும் ஏற்பாடு செய்யவில்லை.

படம் அழகாக இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. இருட்டுச் சுவர், நடுவில் சன்னல், சன்னலில் முழுச் சூரியன், அதன் முன்னால் என் அப்பாவின் வளைந்த முதுகு. தெரியாதவர்கள் பார்த்தால் வேறு எதுவும் நினைக்க வழியே இல்லை. தெரிந்தவர்களும் அதையேதான் நினைத்தார்கள்.

மளிகைக்கடை ஜக்ரு இந்து. நல்ல மனசோடுதான் சொன்னார். "கேட்டியா வார்த்தினி, நாங்க காலையில கும்பிடறோம், நீங்க சாயங்காலம் கும்பிடறீங்க. பாவம், சூரியனுக்கு ஓய்வே இல்ல போ!" கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் எங்கள் பக்கத்துப் பையன்களைப் பார்த்தாலே மற்றவர்கள் சன்னல் பக்கம் கையைக் காட்டி, "உங்க சாமி இறங்குது, எந்திரிச்சு நில்லுங்கடா" என்றார்கள். பையன்கள் வீட்டுக்கு வந்து தங்கள் அப்பாக்களிடம் கத்தினார்கள். அப்பாக்களுக்கு மூட்டுவலி வந்தது. ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மாடு காணவில்லை, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி. என் அப்பா பாங்கு சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கிழவர் வோங்சோவும் இன்னும் இரண்டு பேரும்தான் நிற்பார்கள்.

நோன்புப் பெருநாளுக்கு முன்னால் சலிமுன் லிக் வீட்டுக்கு வந்தார். ஊர்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பள்ளிவாசல் நிற்கும் மனை சங்கத்துக்குச் சொந்தம்.

"மாஸ், இத்தன வருஷத்துல நாங்க உங்கள ஏதாச்சும் சொல்லியிருக்கமா? ஒரே பானையில சாப்பிட்டோம்" என்றார். "ஆனா இப்ப ஊரே சிரிக்குது. எங்களையுஞ் சேத்துத்தான் சிரிக்குது. பெருநாள் முடிஞ்சு கூட்டம். பழசப் பிரிச்சிட்டுக் கிழக்கப் பாத்துப் புதுசாக் கட்டிரலாம்னு பேச்சு."

இந்தப் பேச்சு முன்பும் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓட்டுக்குத் தூக்கிய கைகளில் எங்கள் பக்கத்துக் கைகள் கொஞ்சம் அதிகமாக இருந்ததால் பள்ளிவாசல் நின்றது. இந்த முறை நிற்காது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அப்பா அன்று எப்படி நடந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சலிமுன் லிக் போன பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"திறந்தது என் கை. குனிஞ்சது என் முதுகு" என்றார் அப்பா. "குனியக் கூடாத நேரத்துல குனிஞ்சேன். இதுல அவன எதுக்கு இழுக்கறது?"

பெருநாளுக்கு ஸ்டென்லி வந்தான். புதுச் சட்டை, புதுச் சப்பாத்து, அம்மாவுக்கு ஒரு மின்சார அடுப்பு.

எங்கள் பெருநாளில் ஒரு வழக்கம் உண்டு. தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் பெற்றவர்கள்முன் முழங்காலிட்டு, அவர்கள் மடியில் நெற்றியை வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் செய்தது எல்லாவற்றுக்கும் என்று மனப்பாடமாக ஒரு வரி. அவர்கள் தலையில் கை வைப்பார்கள். அதோடு கணக்கு தீர்ந்தது. அவன் முழங்காலிட்டான். அந்த வரியைச் சொன்னான். அப்பா இரண்டு கையையும் அவன் தலையில் வைத்தார். அம்மா அழுதாள். மொத்த வியாபாரம். ஒரு வரியில் ஒரு வருஷத்துக் கொள்முதல்.

அடுத்து சின்னவர்கள் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். நான் அவன்முன் முழங்காலிட வேண்டும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவன் பின்னாலேயே வந்தான். "என்னடி, பெருநாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கிட்டு?"

"கூட்டத்துல வந்து சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"அது தொழுகை இல்லன்னு. பாங்குக்கு முன்னால எடுத்ததுன்னு. குனியச் சொன்னது நீன்னு."

"அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. அவரும் மன்னிச்சாச்சு. நடுவுல உனக்கென்ன?"

"எதுக்குன்னு சொல்லிக் கேட்டியா?"

"எல்லாத்துக்கும்னா எல்லாத்துக்குந்தான்."

"எல்லாத்துக்கும்னு கேட்டா ஒண்ணுத்துக்கும் கேக்கலன்னு அர்த்தம்."

அவன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. எதையும் ஏற்பாடு பண்ணி எடுக்கக் கூடாதுன்னு அந்தப் போட்டியில சட்டம் இருக்கு. இப்ப நான் வாயத் தொறந்தா பரிசப் புடுங்கிருவாங்க. அடுத்து ஒரு பெரிய கண்காட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதுவும் போச்சு. பெட்டி அடுக்கியே நான் சாகணுமா? நீ வந்து அந்தக் கிடங்குல ஒரு நாள் நின்னு பாரு."

"அப்பா நின்னதப் பாத்தியா? பாங்கு சொல்லிட்டு யாருமில்லாத எடத்துல நிக்கறாரே, அதப் படம் எடு."

"அந்தத் தலைப்பு நான் வெக்கல."

"அத எடுத்துறச் சொன்னியா?"

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "நல்ல நாள்ல என்னடி அவன்கிட்ட மல்லுக்கு நிக்கற? எப்பவோ ஒருதரம் வர்ற பிள்ள. சூப்பு ஆறுது, எடுத்துட்டுப் போ."

"கூட்டத்துக்கு வர்றேன். பாக்கறேன்" என்றான் அவன், அம்மாவின் தோளுக்குமேல்.

கூட்டம் பள்ளிவாசல் முற்றத்தில், விருந்துச் சமையலுக்குப் போட்ட தகரக் கொட்டகையில் நடந்தது. அஸர் முடிந்து சன்னலைச் சாத்திவிட்டு நான் வந்தேன். ஆண்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்னால், தேநீர்ப் பாத்திரங்களோடு. ஸ்டென்லி ஓரத்துப் பெஞ்சில் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். வந்துவிட்டான், சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போது என்மேலேயே கோபம் வருகிறது.

சலிமுன் லிக் எழுந்து கிழக்கு, வரைபடம், நன்கொடை என்று பேசினார். கிழவர் வோங்சோ இடையில் புகுந்தார்.

"சலிமுனு, உன் கல்யாணத்துக்கு துஆ ஓதினது யாரு?"

"துகிமின் மாஸோட அப்பாதான் லிக்."

"எந்தப் பக்கம் பாத்து ஓதினாரு?"

"அது... மேக்க."

"அப்ப உன் கல்யாணம் செல்லாது. இத்தன வருஷமும் சும்மாத்தான் குடும்பம் நடத்தியிருக்க. ஏம்மா, பின்னால இருக்கியா, கேட்டுக்கிட்டியா?"

கொட்டகையே சிரித்தது.

"அன்னிக்கு எனக்குத் திசை தெரியாது லிக்" என்றார் சலிமுன்.

"பொண்ணு எந்தப் பக்கம் ஒக்காந்திருக்குன்னு மட்டும் தெரிஞ்சுதாக்கும்."

சலிமுன் லிக்கும் சிரித்தார். பிறகு போனை எடுத்து உயர்த்திப் பிடித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"சரி, கிழக்கு மேற்க விடுங்க. நான் இத மட்டும் கேக்கறேன். சூரியன் முழுசா நிக்குது. சூரியன் இறங்கறப்பக் குனியலாமா? நம்ம ரெண்டு பக்கத்துலயும் யாராவது குனிவாங்களா? இது எந்த ஊர்த் தொழுகை?"

எங்கள் பக்கத்துத் தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வோங்சோகூட வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அப்பா எழுந்தார். "சன்னலத் திறந்தது நான். குனிஞ்சது நான்" என்றார். உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நான் ஸ்டென்லியைப் பார்த்தேன். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். திறந்தான். மூடினான்.

"அது தொழுகை இல்ல" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எல்லாரும் திரும்பினார்கள். சலிமுன் லிக்கின் மனைவி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "அட, இது பேசக்கூடச் செய்யுமா?" என்றாள்.

"பேசும்" என்றேன். "அன்னிக்கு இன்னும் பாங்கே சொல்லல. சன்னலச் சாத்தறது என் வேல. சாத்தி, தாழ்ப்பாளும் போட்டேன். திறந்து வைன்னு கேட்டது அண்ணன். படத்துக்காகக் குனியச் சொன்னதும் அண்ணன். கூடாதுன்னு அப்பா சொன்னாரு. செருப்பு மாட்டக் குனியற மாதிரிதான்னு இவன் சொன்னான். அதுக்கப்புறம் அப்பா மறுபடியும் ஒளு செஞ்சுட்டு வந்து, சாத்தின சன்னலுக்கு முன்னாலதான் தொழுதாரு. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இதோ ஒக்காந்திருக்கான், அவனக் கேளுங்க."

தேநீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன், சுட்டது. விடவில்லை.

சலிமுன் லிக் போனைக் கீழே இறக்கினார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள்மேல் அவர் வைத்திருந்தது பிடிவாதம்தான், வன்மம் இல்லை. அவர் குரல் மாறியது.

"தம்பி ஸ்டென்லி, தங்கச்சி சொல்றது நெசமா?"

ஜிப் நின்றது.

"பயப்படாத. ஆமான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. இந்தப் படத்தப் பத்தி இனி எவனாவது பேசினா நானே போய் வாயக் கட்டறேன். இன்னிக்குக் கையும் தூக்க வேண்டாம். பள்ளிவாசல் நின்ன மாதிரியே நிக்கட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லு. எதையாவது சொல்லு."

அப்பா அதுவரை அவன் பக்கம் திரும்பவே இல்லை. இப்போது திரும்பினார். அவன் பொய் சொல்லிவிடுவானோ என்று பயந்த முகமா, உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று பயந்த முகமா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"சொல்லுடா" என்றார் வோங்சோ. "நாக்கையும் அந்தப் பைக்குள்ளயே வெச்சுப் பூட்டிட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை.

ஸ்டென்லி எழுந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பெஞ்சுகளுக்கு நடுவே, ஒவ்வொரு முழங்காலாகத் தாண்டி, அப்பாவின் முழங்காலையும் தாண்டிப் போனான். புதுச் சப்பாத்தில் சேறு படாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, வாய்க்கால் பலகையைக் கடந்து, சாலைக்கு ஏறி, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்.